நீர்நாய்க்குப் பேர் வைத்தவள்

ஒஸ்லா ஹால்குரோ கடல்நாய்க் குட்டிகளோடு வாய் ஓயாமல் பேசுவாள். குட்டியின் தலையில் பழைய துண்டைப் போட்டு, முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டைக்குள் ஹெர்ரிங் மீனைத் தள்ளும்போது, "முழுங்குடா தடியா, உங்கம்மா வந்து ஊட்டுவான்னு பாத்தியா?" என்று வைவாள். அது அவள் கையைக் கடிக்கப் பார்க்கும். அவள் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். மூன்று நான்கு மாதத்தில் எடை ஏறிவிடும். படகில் கொண்டுபோய் அலையோரம் விட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். "நன்றி கெட்ட ஜென்மம், நல்லா இரு" என்று கையைத் தட்டிக்கொண்டு திரும்புவாள்.

நீர்நாய் விஷயம் வேறு. நீர்நாய்க் குட்டி ஒரு வருஷம் தாயின் வாலைப் பிடித்துக்கொண்டே திரியும் பிராணி. தாய் செத்துப்போனால் யார் மீன் தருகிறார்களோ அவர்களையே தாயாக்கிக்கொள்ளும். அப்புறம் அதற்கு மனிதர்களிடம் பயம் வராது. பயம் வராத நீர்நாய் அதிக நாள் உயிரோடு இருக்காது. அதனால் நீர்நாய்க் கூண்டு கடல்நாய்க் கொட்டகைக்குப் பின்னால், கற்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போனால் முகத்தை மறைக்கும் தலைமூடி, கையுறை. பேசக்கூடாது. சுவரில் உள்ள ஓட்டை வழியே மீனைச் சரிய விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கடல்நாய்களுக்கெல்லாம் பேர் உண்டு. நீர்நாய்க்கு எண்தான்.

இந்தச் சட்டத்தை ஒஸ்லா மட்டும் போடவில்லை. வடக்கே ஒரு தீவில், ஹெல்லவோ கடலோரத்தில் அந்தக் காப்பகத்தை அவளும் கிர்ஸியும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே வருஷம் கல்யாணம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களிடம் முதன்முதலாக வந்த நீர்நாயைக் கிர்ஸி வீட்டு சோபாவில் வைத்துத்தான் வளர்த்தார்கள். மடியில் பால் குடித்தது, குளியல் தொட்டியில் விளையாடியது. கடலில் விட்ட பதினோராம் நாள், யாரோ வெளியூர்க்காரரின் படகில் ஏறி அவர் மடியைத் தேடியிருக்கிறது. அவருடைய இரண்டு நாய்களும் குதறிவிட்டன. மீன்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தபோது கிர்ஸிதான் சொன்னாள்: "இனிமே ஒண்ணு இப்படிச் செத்தா நாம ரெண்டு பேரும் கொலைகாரிங்கடி." ஒஸ்லா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்கப்புறம் பதினைந்து நீர்நாய்கள் வந்து, வளர்ந்து, ஒரு முகத்தைக்கூட அறியாமல் திரும்பிப் போயின.

பதினேழாவது நீர்நாய் ஒரு செப்டம்பர் மாதம் வந்தது. வடக்குச் சாலையில் லாரி அடித்துத் தாய் செத்துக் கிடந்தது; பக்கத்து மடைக் குழாய்க்குள் குட்டி சீட்டியடித்துக்கொண்டிருந்தது. தாயைக் கூப்பிடும் நீர்நாய்க் குட்டியின் குரல் சீட்டி மாதிரியே இருக்கும், காதைக் குத்தும். தபால் வண்டிக்காரர் அதைத் தன் கம்பளிச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார். பெண் குட்டி. தொண்டைக்குக் கீழே வெளிர் மஞ்சளாக ஒரு திட்டு, சாய்த்து வைத்த கோடரி போல. அந்தத் திட்டு ஒவ்வொரு நீர்நாய்க்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒஸ்லா அதைக் குறிப்பேட்டில் வரைந்து, பக்கத்தில் 17 என்று எழுதினாள்.

அந்த மாதம்தான் கிர்ஸியின் ஒரே மகள் குடும்பத்தோடு நியூஸிலாந்துக்குப் போனாள். கிர்ஸியின் புருஷன் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. கடலைப் பார்த்த வீட்டில் அவள் தனியாக இருந்தாள். "சனியன் விட்டுது, இனிமே ஒரு ஆளுக்கு மட்டும் சமைச்சாப் போதும்" என்று சிரித்தாள். ஒஸ்லாவும் சிரித்தாள்.

குட்டி சாப்பிடவில்லை. ஓட்டை வழியே விட்ட மீன் அப்படியே கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒஸ்லாவுக்குக் கடல் தாண்டி அபர்டீன் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். தள்ளிப்போட முடியாது, பத்து நாள் அங்கேயே இருக்க வேண்டும். "இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். உள்ள மட்டும் போகாதே" என்று கிர்ஸியிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினாள். திரும்பி வந்தபோது ஒரு கண்ணில் கட்டு. கிர்ஸி வாசலிலேயே நின்று கத்தினாள்.

"தின்னுதுடி! வாலு வரைக்கும் தின்னுது!"

"எப்படிடி?"

"எப்படியோ. பசி தாங்கலை போல."

ஒஸ்லா அவளைக் கட்டிக்கொண்டாள். "உன் கை ராசிடி" என்றாள்.

மறு அக்டோபரில் பதினேழைப் புரூங்காவில் விட்டார்கள். ஆள் இல்லாத சின்னத் தீவு, நடுவே நல்ல தண்ணீர்க் குட்டை. சிப்பி வளர்க்கும் ராஸ்மி தன் படகில் கொண்டுபோனார். அறுபத்தைந்து வயது, ஒஸ்லாவுக்குத் தூரத்து உறவு. காப்பகத்துக்குக் காசு வாங்காமல் படகு ஓட்டுவார், அதற்குப் பதிலாகப் புலம்புவார். "என் சிப்பியை வாத்துங்க திங்குது, என் ஞாயித்துக்கிழமையை நீங்க ரெண்டு பேரும் திங்கறீங்க."

பெட்டியைத் திறந்ததும் பதினேழு வெளியே வந்தது. பாறைமேல் நின்றது. திரும்பி அவர்களைப் பார்த்தது.

"என்ன, போக மாட்டேங்குது?" என்றார் ராஸ்மி.

"காத்துல வாசனை பிடிக்குது" என்று கிர்ஸி சட்டென்று சொன்னாள்.

பிறகு அது வழுக்கிக்கொண்டு கடற்பாசிக்குள் இறங்கி மறைந்தது. கிர்ஸி தேம்பித் தேம்பி அழுதாள். ஒஸ்லா அவள் முதுகில் தட்டினாள். "அழாதேடி. ஜெயிச்சுட்டோம்." அன்று சாயங்காலம் இருவரும் உப்பு ஆட்டுக்கறி சூப் வைத்துக் குடித்தார்கள். ஒஸ்லா அரசாங்கத்துக்கு அனுப்பும் தாளில், 'மனிதப் பழக்கம் சிறிதும் இல்லாமல் வளர்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வசந்தத்தில் பேச்சு கிளம்பியது. படகுத்துறையில் ஒரு நீர்நாய் வருகிறதாம், ஆளைக் கண்டால் ஓடுவதில்லையாம். சுற்றுலா வந்த ஜோடி பத்தடி தூரத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். ஒஸ்லா கிர்ஸியிடம் கேட்டாள்.

"வேற ஏதாவது இருக்கும்டி" என்றாள் கிர்ஸி, வாளியைக் கழுவிக்கொண்டே. "நம்மளுது அங்க புரூங்காவுல ராணி மாதிரி இருக்கும்."

ஒஸ்லா அதோடு விட்டுவிட்டாள். ஜூன் மாதக் கடல்நாய்க் குட்டிகள் வரத் தொடங்கியிருந்தன. மூச்சு விட நேரமில்லை. அதோடு, கிர்ஸி சொன்னால் அவளுக்கு அப்புறம் விசாரிக்கத் தோன்றாது.

ஆகஸ்டில் படகுப் போட்டி நாள். துடுப்புப் பந்தயம் முடிந்து, ஊர்க்கூடத்தில் டீயும் கேக்கும் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியையின் ஆறு வயது மகள் கையில் பன்றிக்கறி வைத்த ரொட்டியோடு துறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நீர்நாய் படியேறி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள், போனைத் தூக்கினார்கள். குழந்தை விளையாட்டாக ரொட்டியை உயரத் தூக்கிப் பிடித்தது. அது தாவிக் கையோடு கவ்வியது. இரண்டு விரலில் ஏழு தையல்.

கூடத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஒஸ்லாவிடம் ஆசிரியை ஓடிவந்தாள். ஒரு கையில் குழந்தை, துணியில் சுற்றிய விரல்கள்.

"உங்க நீர்நாய்தானே அது? உங்க இடத்துல வளந்ததுதானே?"

"இருக்காதும்மா. எங்களுது ஆளைக் கண்டா ஓடும். நான் சொல்றேன் பாரு."

யாரோ ஒருவர் போனை நீட்டினார். நீர்நாய் பின்னங்காலில் எழுந்து நின்ற கணத்தில் நிறுத்தியிருந்தார். தொண்டையில் சாய்ந்த கோடரி. ஒஸ்லா ஈரக் கையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை லெர்விக் நகரத்திலிருந்து வனவிலங்கு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், குரலே உயர்த்தவில்லை. ஒஸ்லா அனுப்பிய தாளை மேஜையில் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"மனிதப் பழக்கம் சிறிதும் இல்லாமல்னு எழுதியிருக்கீங்க."

"அப்படித்தான் வளத்தோம். அப்புறம் யாரோ பழக்கியிருக்காங்க."

"இருக்கலாம்" என்றார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. "இனி இதை வெளியில விட முடியாது. பிடிச்சுத் தெற்கே ஒரு பூங்காவுக்கு அனுப்பணும். பத்து நாள் பாக்கலாம். முடியலைன்னா சுடச் சொல்லி உத்தரவு வரும்."

செவ்வாய்க்கிழமை கடையில் ராஸ்மியைப் பார்த்ததும் ஒஸ்லாவுக்கு இரத்தம் தலைக்கேறியது. அவர் படகிலிருந்து மீன் கழிவு எறிவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"உங்களுக்குப் பொழுதுபோக்கு வேற கிடைக்கலையா, ராஸ்மி?" என்றாள். "ஒரு வருஷம் நாங்க வாயைக் கட்டி வளத்ததை நாய்க்குட்டி மாதிரி பழக்கி வச்சிருக்கீங்க. அந்தக் குழந்தையோட விரலு போயிருக்கும். நீங்க எங்களுக்குப் படகு ஓட்டினதெல்லாம் எதுக்கு, எங்க விட்டோம்னு தெரிஞ்சுக்கவா?"

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ராஸ்மி பாலையும் ரொட்டியையும் பிடித்தபடி நின்றார்.

"நான் எறிஞ்சது கடற்பறவைக்கு" என்றார்.

"பறவைக்கு எறிஞ்சாராம்! படியேறி வந்து கையேந்துது, அதுவா கத்துக்கிச்சு?"

ராஸ்மி ஒஸ்லாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே கிர்ஸி பிஸ்கட் பாக்கெட் ஒன்றைத் திருப்பி வைத்து அதில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏதாவது சொல்லணுமா, கிர்ஸி?" என்று கேட்டார்.

"நான் என்னத்தச் சொல்ல" என்றாள் கிர்ஸி, பாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பாலையும் ரொட்டியையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். குற்றமுள்ள நெஞ்சு என்று ஒஸ்லா நினைத்துக்கொண்டாள். காரில் ஏறியதும், "பாத்தியா, உன்னைத் துணைக்கு இழுக்கப் பாத்தாரு" என்றாள். கிர்ஸி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பொறிப்பெட்டியைத் துறையில் வைத்தார்கள். உள்ளே போனால் பின்னால் கதவு விழும். ஆறு நாள் ஆகியும் பதினேழு அந்தப் பக்கமே வரவில்லை. ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒஸ்லா தானே தேடிக் கிளம்பினாள். வெளிச்சம் வந்து ரொம்ப நேரமாகியிருந்தது, ஆனால் கடல்மேல் மூடுபனி. நீர்நாய் தன் எல்லையைக் காட்டப் பாறைமேல் எச்சம் இட்டு வைக்கும். அந்த இடத்தில் புல் கரும்பச்சையாகச் செழித்திருக்கும். ஒவ்வொரு பச்சைத் திட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே, கரையோரம் மேற்கே நடந்தாள். புது எச்சம், மீன்முள், இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் கிர்ஸி வீட்டுக்குக் கீழே உள்ள தட்டைப் பாறைக்கு வந்து நின்றாள்.

பாறைமேல் ஹெர்ரிங் தலைகள் கிடந்தன. கத்தியால் வெட்டியவை. நோஞ்சான் குட்டிகளுக்கு மீன் நறுக்கும்போது செவுளுக்கு மேலே சாய்வாக ஒரே வெட்டு வெட்டுவது கிர்ஸியின் வழக்கம். காப்பகத்து உறைபெட்டி மீன்.

ஒஸ்லா அப்போதும் வேறு காரணம் தேடினாள். காகம் தூக்கிக்கொண்டு வந்திருக்கும். கிர்ஸி குப்பையில் போட்டிருப்பாள். அப்படி நின்று தேடிக்கொண்டிருந்தபோதே மேலே கதவு சத்தம் கேட்டது. அவள் இடிந்த படகுக் கொட்டிலின் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஏன் ஒதுங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிர்ஸி வந்தாள். இரவு உடைமேல் மழைக்கோட்டு, கையில் வாளி. பாறையில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து இரண்டு சீட்டி அடித்தாள். குட்டி தாயைக் கூப்பிடுவது போலவே.

"மூரி... மூரி... எங்கேடி போனே? வா தங்கம்."

மூரி என்றால் அந்த ஊரில் பழுப்பு ஆட்டின் கம்பளி நிறம். தண்ணீரில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு பதினேழு வந்தது. பாறையில் ஏறி உதறியது. கிர்ஸியின் மடியில் ஏறிப் புரண்டு வயிற்றைக் காட்டியது. கிர்ஸி வெறுங்கையால் அதன் தாடையைச் சொறிந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு முனகியது.

ஒஸ்லாவுக்கு முதலில் வந்தது கோபமல்ல, பொறாமை. இருபத்திரண்டு வருஷத்தில் உயிருள்ள நீர்நாய் ஒன்றைக்கூட அவள் கையுறை இல்லாமல் தொட்டதில்லை. அந்த மென்மயிர் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அவ்வளவு ஆசையையும் அடக்கிக்கொண்டு அவள் முகத்தை மூடித் திரிந்த காலமெல்லாம், இவள் மட்டும்.

அவள் சுவரைவிட்டு வெளியே வந்தாள். பதினேழு ஒரே தாவலில் கடலுக்குள் போயிற்று. கிர்ஸி திரும்பினாள்.

"எத்தனை நாளா?" என்றாள் ஒஸ்லா.

"உள்ள வா. டீ போடறேன்."

"எத்தனை நாளாடி?"

கிர்ஸி வாளியைக் கீழே வைத்தாள். "நவம்பர்லேர்ந்து. அவதாண்டி முதல்ல கூப்பிட்டா. காலைல ஜன்னலைத் திறந்தா கீழேர்ந்து சீட்டி. தீவுலேர்ந்து நீந்தியே வந்திருக்கா. நான் என்ன செய்யட்டும்?"

"ஜன்னலை மூடியிருக்கணும். உன் வீட்டுக்கு வழி அதுக்கு எப்படித் தெரியும்?"

கிர்ஸி கடல் பக்கம் திரும்பினாள்.

"அபர்டீன்ல நான் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிடந்தப்போ, இங்க உன் வீட்லதான் வச்சிருந்தியா?"

"செத்துக்கிட்டிருந்துச்சுடி! நாலு நாளா ஒண்ணும் தின்னலை. கையில தூக்கினேன், நடுங்குச்சு. மடியில வச்சு ஊட்டினேன், தின்னுச்சு. பேசாம சாகட்டும்னு விட்டிருக்கணுமா?"

"விட்டிருக்க வேண்டாம். என்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அதை இங்க விட்டிருக்க மாட்டேன். இன்னும் ஒரு வருஷம் வச்சு, ஆள் வாசனையே இல்லாத இடமாப் பாத்து விட்டிருப்பேன். கையெழுத்து போட்டிருக்க மாட்டேன். கை ராசின்னு உன்னைக் கட்டிக்கிட்டேனே, அப்ப என்னடி நினைச்சே?"

"சொன்னா நீ என்ன செய்வேன்னு தெரியும். ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டே. உனக்கு எல்லாம் சட்டம்தான். நீ நாள் முழுக்க என்கூட இருந்தே, ஒஸ்லா. ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வீட்டுல தனியா எப்படி இருக்கேன்னு கேட்டியா?"

அது ஒஸ்லாவைக் குத்தியது. குத்தியதனாலேயே அவள் இன்னும் இறுகினாள்.

"ராஸ்மி என்ன பாவம் செஞ்சாரு? கடையில அத்தனை பேர் முன்னாடி அந்த மனுஷனை நான் கிழிக்கறேன், நீ பிஸ்கட் பாக்கெட்டைப் படிச்சுக்கிட்டு நிக்கறே."

"பயமா இருந்துச்சு."

"யாரைப் பாத்து?"

"உன்னை."

மூடுபனிக்குள் எங்கேயோ பதினேழு சீட்டியடித்தது. இரண்டு பேரும் கேட்டும் கேட்காத மாதிரி நின்றார்கள்.

"இன்னும் மூணு நாள்தான் இருக்கு" என்றாள் ஒஸ்லா கடைசியில். "பெட்டியை இங்க கொண்டு வரேன். நாளைக்குக் காலைல வந்து நில்லுங்க. நீங்கதான் கூப்பிடணும்."

கிர்ஸி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. அந்த ஊரில் கூடப் படித்தவர்களுக்குள் மரியாதை வார்த்தை கிடையாது. அது பெரியவர்களுக்கும் பாதிரியாருக்கும் வெளியாருக்கும் வைத்திருப்பது.

"நீங்களா?" என்றாள். "என்னையா நீங்கன்னு சொல்றே?"

ஒஸ்லா மேட்டில் ஏறத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் அதிகாரியும் ஒஸ்லாவும் பெட்டியைத் தட்டைப் பாறைக்குப் பின்னால் வைத்துப் பாசியால் மூடினார்கள். முதலில் ஒஸ்லாவே சீட்டியடித்துப் பார்த்தாள். தொலைவில் ஒரு தலை எழும்பியது, பார்த்தது, முங்கிவிட்டது. கிர்ஸி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்தாள். பெட்டியின் பின்பக்கக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஈரத்தில் உட்கார்ந்து, இரண்டு சீட்டி அடித்தாள். இரண்டாவது சீட்டி பாதியில் உடைந்தது. அதுவே போதுமாயிருந்தது.

பதினேழு நேராக வந்தது. பெட்டிக்குள் வைத்த மீனை மோந்துகூடப் பார்க்கவில்லை. கம்பிவலைக்கு அப்பால் இருக்கும் கிர்ஸியின் முகத்துக்கு நேராக உள்ளே ஓடியது. கதவு விழுந்தது. கொஞ்ச நேரம் அது ஒன்றும் செய்யவில்லை. வலை வழியே மூக்கை நீட்டிக் கிர்ஸியின் விரலை முகர்ந்துகொண்டிருந்தது. அதிகாரி பெட்டியைத் தூக்கியதும்தான் விஷயம் புரிந்ததோ என்னவோ, அலறத் தொடங்கியது. வண்டி மேட்டைத் தாண்டிப் போகும்வரை அந்த அலறல் கேட்டது. அன்று மாலைக் கப்பலில் தெற்கே போய்விட்டது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது என்று பிற்பாடு ஒரு கடிதம் வந்தது. ஒஸ்லா அதைக் கிர்ஸியிடம் காட்டவில்லை.

ராஸ்மியிடம் மன்னிப்புக் கேட்க அவள் சிப்பித் தோணிக்கே போனாள். அவர் கயிற்றிலிருந்து சிப்பிகளை உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"நான் அப்படிப் பேசினது தப்பு. கடையிலேயே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சொல்லு. பாலும் ரொட்டியும் வாங்கிக் குடுத்தாலும் சரிதான்" என்றார். பிறகு கையை நிறுத்தினார். "எனக்கு மார்ச் மாசமே தெரியும், ஒஸ்லா. காலைல படகுல போறப்ப பாத்திருக்கேன்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "தெரிஞ்சுமா சொல்லலை?"

"நான் யாரு, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வர?"

"வேற யாருக்குத் தெரியும்?"

"இந்தக் கரையில காலைல எந்திரிக்கறவங்க எல்லாருக்கும்." அவர் மறுபடி சிப்பியைப் பார்த்துக் குனிந்தார். "தபால்காரனுக்குத் தெரியும். கடைக்காரிக்குத் தெரியும். உனக்கும் தெரியும், வேணும்னுதான் பாக்காத மாதிரி இருக்கேன்னு நினைச்சோம்."

கடையில் அவள் கத்தியபோது நிசப்தமாகிப்போன அந்த ஏழெட்டு முகங்கள் ஒஸ்லாவின் கண்முன் வந்தன. அதை அன்று அவள் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி கடைக்குப் போனாள். எல்லோர் முன்னாலும் ராஸ்மி மீது தப்பில்லை என்றாள். கிர்ஸி பேரைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

செப்டம்பரும் அக்டோபரும் கிர்ஸி காப்பகத்துக்கு வரவில்லை. ஒஸ்லா அனுப்பும் தாள்களை இப்போது லெர்விக்கில் இரண்டு பேர் சரிபார்த்தார்கள். நவம்பர் கடைசியில் மூன்று நாள் புயல் அடித்தது. வெள்ளை மயிர் உதிராத சாம்பல் இனக் கடல்நாய்க் குட்டிகள் தாயைவிட்டுக் கரைகளில் ஒதுங்கின. நான்காம் நாள் கொட்டகையில் பதினொன்று. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் குழாய் விட்டு மீன் கூழ் ஊற்ற வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் ஊற்ற வேண்டும். ஒஸ்லா தனியாகச் செய்து பார்த்தாள். ஒரு குட்டி மூச்சுக்குழாயில் கூழ் ஏறிச் செத்துப்போனது. அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது.

கிர்ஸி மழைக்கோட்டோடு நின்றாள். இளைத்திருந்தாள். "ஊருல சொன்னாங்க. பதினொண்ணாமே."

"பத்து" என்றாள் ஒஸ்லா.

வெளியே காற்று தகரத்தை அடித்தது. கிர்ஸி சாக்கைப் பார்த்தாள், உள்ளே வரவில்லை.

"கடல்நாய்க்கு மட்டும் வாங்க" என்றாள் ஒஸ்லா. "சுவருக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது."

கிர்ஸி தலையாட்டிவிட்டுக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். முதல் குட்டியின் மேல் கால் போட்டு உட்கார்ந்து, துண்டால் தலையை மூடி, தாடையைத் திறந்து பிடித்தாள். இத்தனை வருஷப் பழக்கம். கைகளுக்கு எதுவும் மறக்கவில்லை. ஒஸ்லா குழாயை விட்டாள். பத்தையும் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 'பிடிங்க', 'விடுங்க' தவிர ஒஸ்லா ஒன்றும் பேசவில்லை. குட்டிகளைத் திட்டக்கூட ஒஸ்லாவுக்கு வாய் வரவில்லை.

அந்தக் குளிர்காலம் அப்படியே போயிற்று. ஒன்பது குட்டிகள் தேறின. ராஸ்மி படகில் வழக்கம்போலப் புலம்பினார். இரண்டு பேரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் தபால் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் அட்டைப்பெட்டியோடு இறங்கினார். பெட்டிக்குள்ளிருந்து காதைக் குத்தும் சீட்டி. கிர்ஸி குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள்; அவள் கை நின்றது. ஒஸ்லா பெட்டியை வாங்கி மூடியை லேசாகத் திறந்து பார்த்து மூடினாள். தலைமூடியை மாட்டிக்கொண்டு கற்சுவரை நோக்கி நடந்தாள். சுவரில் இலையுதிர்காலத்தில் வைத்த கதவில் பூட்டு இருந்தது. அவள் சாவியைத் தேடினாள்.

"ஆணா, பொண்ணா?" என்று பின்னாலிருந்து கிர்ஸி கேட்டாள்.

ஒஸ்லா பூட்டைத் திறந்து உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.